பைக்கு ஞாபகம் இருக்கு

போன வாரம் கோலாலம்பூர் செந்தூல்ல இருந்து ஒரு அம்மா மெசேஜ் பண்ணியிருந்தாங்க. பையன் ஃபார்ம் டூ படிக்கிறான், ஸ்கூல் ஸ்கிராபிள் (பையில இருந்து பாக்காம ஆங்கில எழுத்து டைல் எடுத்து போர்டுல வார்த்தை கட்டுற விளையாட்டு) போட்டியில ஒரே பொண்ணுகிட்ட மூணு தடவை தோத்துட்டு வந்து "எனக்கு லக்கே இல்லம்மா, அவளுக்குத்தான் நல்ல எழுத்தா வருது"ன்னு அழுதானாம், பாட்டி வேற வலது கையால எடுடா, திருநீறு பூசிட்டுப் போடான்னு சொல்லி அனுப்புறாங்களாம். இந்த விளையாட்டுல எவ்வளவு லக்கு, எவ்வளவு மூளை, கொஞ்சம் விளக்குங்க சார்னு கேட்டிருந்தாங்க.

படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்க அப்பாவோட நோட்டு. அப்பா நாலு நம்பர் லாட்டரி எடுப்பாரு. ரிசல்ட் வந்ததும் விழுந்த நம்பரையெல்லாம் தேதி போட்டு அந்த நோட்டுல எழுதுவாரு, எது ரொம்ப நாளா வரலைன்னு விரல் வச்சுப் பாத்து, "இது வர்ற நேரம் ஆச்சு"ன்னு அதுல காசு கட்டுவாரு. வருஷக்கணக்கா இப்படித்தான். அவ்வளவு பொறுமையா கணக்கு வச்ச மனுஷன நான் வேற பாத்ததில்ல, ஆனா அந்தக் கணக்கு அந்த விளையாட்டுல செல்லாது. 0000-ல இருந்து 9999 வரைக்கும் 10,000 நம்பர், ஒவ்வொரு குலுக்கலுக்கும் எல்லாமே திரும்ப உள்ள வந்துடுது, போன வாரம் என்ன விழுந்துச்சுன்னு அந்த மிஷினுக்குத் தெரியாது. பத்து வருஷமா வராத நம்பருக்கும் நேத்து வந்த நம்பருக்கும் முதல் பரிசு வாய்ப்பு ஒண்ணேதான், 10,000-ல 1.

ஸ்கிராபிள் பை அப்படி இல்ல. வெளிய வந்த டைல் வெளிய வந்ததுதான் (யாராவது ஒரு டர்ன விட்டுக் கொடுத்து மாத்திக்கிட்டா மட்டும் உள்ள போகும்). அதனால "இன்னும் வரல, அதனால இனிமே வர வாய்ப்பு அதிகம்"ங்கிற அப்பாவோட நினைப்பு, நாலு நம்பர்ல மூடநம்பிக்கை, இங்க அசல் கணிதம். எனக்கு இந்த விளையாட்டு மேல இவ்வளவு ஆசை வந்ததுக்குக் காரணமே இதுதான்.

விதியெல்லாம் தெரிஞ்சதுதான், 15-க்கு 15 கட்டம், 100 டைல், ஆளுக்கு 7, ஏழையும் ஒரே தடவையில வச்சா 50 பாயிண்ட் கூடுதல். அந்த 100 எப்படி வந்துச்சுங்கிறதுதான் அழகு. 1930-கள்ல அமெரிக்காவுல வேலையெல்லாம் போன காலத்துல, ஆல்ஃபிரட் பட்ஸ்னு வேலை இல்லாத ஒரு ஆர்க்கிடெக்ட் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்த எடுத்து எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு உக்காந்து எண்ணினாரு. அந்தக் கணக்குலதான் இ எழுத்துக்கு 12 டைல், கியூவுக்கு ஒண்ணே ஒண்ணு. எஸ்ஸ மட்டும் வேணும்னே குறைச்சு 4 வச்சாரு, இல்லன்னா எல்லாரும் சும்மா பன்மையாக்கிக்கிட்டே போயிடுவாங்க. உயிரெழுத்து 42, மெய்யெழுத்து 56, எதுவா வேணும்னாலும் ஆகக்கூடிய பிளாங்க் 2. (தமிழுக்கு இப்படி ஒரு பை செய்யணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. 247 எழுத்து 100 டைல்ல அடங்காது, எப்படிப் பிரிக்கிறது, எது எவ்வளவு வருதுன்னு யாராவது நம்ம பேப்பரையெல்லாம் எண்ணிப் பாத்து சோதிக்கணும். நம்ம ஊர் விழாவுல பொன்னாடைக்கும் மாலைக்கும் ஆகுற செலவுல ஒரு பங்கு இந்த மாதிரி எண்ணுற பிள்ளைங்களுக்குப் போனா நல்லா இருக்கும்னு நான் மனசார நினைக்கிறேன்.)

இப்ப கணக்குக்கு வரேன். ஆட்டம் ஆரம்பம், உங்க கையில 7 டைல், எஸ் ஒண்ணும் இல்ல. நீங்க பாக்காத டைல் 93, அதுல எஸ் 4, அடுத்து எடுக்கிற டைல் எஸ்ஸா இருக்க வாய்ப்பு 100-க்கு 4 தான். பாதி ஆட்டம் தாண்டிடுச்சு, போர்டுலயும் உங்க கையிலயும் சேத்து 60 டைல் பாத்துட்டீங்க, இன்னும் ஒரு எஸ் கூட வெளிய வரலைன்னு வைங்க. பாக்காதது 40, நாலு எஸ்ஸும் அந்த 40-க்குள்ளதான் இருக்கு, வாய்ப்பு 100-க்கு 10 ஆயிடுச்சு. யாரும் எதுவும் பண்ணல, வெறுமனே மத்த டைல் வெளிய வந்ததுலயே ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு.

உயிரெழுத்துல இது இன்னும் நல்லா வேலை செய்யும். வெளிய வந்த 60-ல 32 உயிரெழுத்துன்னா மீதி 40-ல 10 தான் பாக்கி. ஆரம்பத்துல கிட்டத்தட்ட அஞ்சுக்கு ரெண்டா இருந்தது இப்ப நாலுக்கு ஒண்ணு. இது தெரிஞ்சவன் கையில இருக்கிற ஏ, இ ரெண்டையும் நாலஞ்சு பாயிண்ட் குறைஞ்சாலும் பரவாயில்லைன்னு பத்திரமா வச்சிப்பான், தெரியாதவன் எல்லாத்தையும் வச்சுத் தள்ளிட்டு அடுத்த டர்ன்ல ஏழு மெய்யெழுத்தோட உக்காந்து "பாத்தியா என் லக்க"ம்பான். அந்தப் பையனுக்கும் இதுதான் நடந்திருக்கும்னு நினைக்கிறேன், அந்தப் பொண்ணுக்கு நல்ல எழுத்து வந்தது பாதி, வர்ற மாதிரி வழி பண்ணி வச்சுக்கிட்டது பாதி.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க. பையில 7, எதிராளி ரேக்ல (டைல அடுக்கி வைக்கிற தாங்கி) 7, ஆக பாக்காதது 14, அதுல எஸ் 2 பாக்கி. எதிராளிகிட்ட ஒரு எஸ்ஸாவது இருக்க வாய்ப்பு எவ்வளவு? ரெண்டுமே பையில இருக்க வாய்ப்பு 14-ல 7, அப்புறம் 13-ல 6, பெருக்கினா 100-க்கு 23. அப்ப எதிராளிகிட்ட இருக்க வாய்ப்பு 77. ஆனா இங்கதான் ஒரு நுணுக்கம், எதிராளி ரேக் குருட்டாம்போக்குல வந்த ரேக் இல்ல, அவங்க எடுத்ததுல இருந்து வேண்டாததப் போட்டு வேணுங்கிறத வச்சிருக்கிற ரேக். போன டர்ன்ல எஸ் வச்சா 40 பாயிண்ட் வர்ற இடம் பளிச்சுன்னு திறந்து கிடந்துச்சு, அவங்க அத விட்டுட்டு வேற எங்கயோ 15 எடுத்தாங்கன்னா, அப்ப எஸ் கையில இல்லாமதான் இருந்திருக்கணும், இப்பப் புதுசா எடுத்ததுல வந்திருந்தாத்தான் உண்டு, அந்த 77 சரசரன்னு இறங்கும். மாறா ஒரே ஒரு டைல மட்டும் வச்சுட்டு ஆறை அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னா ஏதோ ஏழெழுத்து வார்த்தை பழுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். புதுசா ஒரு விஷயம் தெரிஞ்சதும் பழைய நம்பர திருத்திக்கிறது, புள்ளியியல்ல பேயஸ் முறைன்னு பேரு.

பை காலியானதும் என்ன ஆகுதுன்னு பாருங்க. 100-ல இருந்து போர்டையும் உங்க கையையும் கழிச்சா மீதி இருக்கிறது எதிராளி ரேக் மட்டும்தான், ஒரு எழுத்து பிசகாம. எதிர்ல இருக்கிறவங்க டைல் உங்களுக்கு முதுக காட்டிக்கிட்டு நின்னாலும் நீங்க அத வாசிக்கலாம்! அதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுக்கிட்டு வந்த லக்கு அந்த நிமிஷத்துல ஜீரோ ஆயிடும், அதுக்கு மேல அது செஸ். அவங்ககிட்ட கியூ மாட்டியிருக்கு, கியூவும் ஐயும் சேர்ற ரெண்டெழுத்து வார்த்தைக்கு போர்டுல ஒரே ஒரு ஐ தான் பாக்கின்னா, அந்த ஐய அடைச்சுட்டு நீங்க முதல்ல கைய காலி பண்ணுங்க, கையில மாட்டின கியூவோட 10 பாயிண்ட் அவங்களுக்குக் குறையும், உங்களுக்கு 10 ஏறும், 20 பாயிண்ட் வித்தியாசம். மொத்த ஆட்டமே 5 பாயிண்ட்ல முடியுறத நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன்.

லக்கு இல்லவே இல்லைன்னு சொல்ல வரல. ரெண்டு பிளாங்க்கும் ஒரே ஆள் கைக்குப் போறது ரெண்டு ஆட்டத்துக்கு ஒரு தடவை நடக்கும், அதுல பாதி தடவை எதிராளிக்குத்தான். அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, திருநீறுக்கும் சம்பந்தம் இல்ல. அதனாலதான் பெரிய போட்டியில ஒரே ஆட்டத்துல முடிவு பண்றதில்ல. ஒரு ஆட்டத்துல 100-க்கு 60 வாய்ப்பு இருக்கிற நல்ல ஆட்டக்காரர், 3 ஆட்டத்துல அதிகம் ஜெயிக்க வாய்ப்பு 65 கிட்ட, 21 ஆட்டம் ஆடினா 82-க்கு மேல. ரவுண்டு கூடக் கூட லக்கு ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும், திறமை மட்டும் ஒரே பக்கமா சேரும். 2003-ல நம்ம கோலாலம்பூர்ல நடந்த உலகப் போட்டியில தாய்லாந்து இளைஞர் பனுபோல் ஜெயிச்சதும், 2007-ல மும்பையில நம்ம கணேஷ் அசிர்வாதம் ஃபைனல் வரைக்கும் போனதும் அப்படி வரிசையா ஆடித்தான். அந்த ஃபைனல்ல கணேஷ ஜெயிச்ச நைஜல் ரிச்சர்ட்ஸ், மலேசியாவுலயே வந்து குடியிருக்கிற நியூசிலாந்துக்காரர், அஞ்சு தடவை ஆங்கிலத்துல உலக சாம்பியன், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-ல பிரெஞ்சு ஸ்கிராபிள்லயும் உலகப் பட்டம் எடுத்தாரு. அஞ்சு தடவையும் லக்கு ஒரே வீட்டுக்கதவத் தட்டுமா?

அந்த அம்மாவுக்கு நான் எழுதினது இதுதான். தம்பி முதல்ல 100 டைலையும் கணக்கு வைக்க வேண்டாம், நாலு எஸ், ரெண்டு பிளாங்க், ஜே, கியூ, எக்ஸ், இஸட், மொத்தம் 10, அத ஒரு தாள்ல எழுதிக்கிட்டு வெளிய வர வர அடிச்சா போதும். ஒரு மாசம் கழிச்சு உயிரெழுத்து 42-ஐயும் சேத்துக்கட்டும். டைல பாட்டி சொன்ன மாதிரி வலது கையாலயே எடுக்கட்டும், எடுத்து ரேக்ல வச்சதும் அதே கையில பென்சில் இருக்கணும்.