12 டிகிரியில உருகுற ஐஸ்: ரெண்டு உப்பைக் கலந்தா என்ன ஆகும்?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாரு: "உப்பு போட்டா தண்ணி பூஜ்யத்துக்கும் கீழ போய்த்தானே உறையும், அப்புறம் எப்படி சில உப்புக்கரைசல் 12 டிகிரியிலயே கட்டியாகுது?"

சாப்பாட்டு உப்புக்கு அவர் சொல்றது சரி. சோடியத்துக்கும் குளோரைடுக்கும் ஐஸ் படிகத்துக்குள்ள இடம் கிடையாது, அதனால வெளிய நின்னு உறையவிடாம தடுக்கும். ஆனா டெட்ராபியூட்டைல் அமோனியம்னு ஒரு அயனி இருக்கு, நடுவுல ஒரு நைட்ரஜன், அதுல இருந்து நாலு பக்கமும் நீளுற நாலு கார்பன் சங்கிலி. இந்தச் சங்கிலிக்கும் தண்ணிக்கும் ஒத்துவராது, அதனால தண்ணி மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கிட்டு ஒவ்வொரு சங்கிலியையும் சுத்தி ஒரு கூண்டு கட்டிடும். இந்த அயனியோட புரோமைடு உப்புல கிடைக்குற ஒரு படிகத்துல 14 முகம் உள்ள கூண்டு ரெண்டு, 15 முகம் உள்ள கூண்டு ரெண்டு, நாலும் சேர்ற முனையில நைட்ரஜன். 1940லயே இந்தத் தண்ணிக்கூண்டுப் படிகங்களை, அதாவது ஹைட்ரேட்டுகளைப் பத்தி எழுதிட்டாங்க, படிக அமைப்பு 1959ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா தெளிவாச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான் வருது. கடலடியில இருக்குற மீத்தேன் ஹைட்ரேட்டுல கூண்டோட சுவர் முழுக்க தண்ணி மட்டும்தான். இங்க அப்படியில்ல, உப்போட இன்னொரு பாதி, அதாவது எதிர்மின் அயனி, சுவருக்குள்ளயே போய் உக்காந்துடும், ஒரு செங்கல்லை உருவிட்டு அந்த இடத்துல வேற கல்லை வச்சுக் கட்டுற மாதிரி. அப்போ கல்லோட அளவு முக்கியமாயிடுது இல்லையா? தண்ணியில இருக்குற ஆக்சிஜனோட ஆரம் சுமார் 140 பைக்கோமீட்டர் (மீட்டர்ல லட்சம் கோடியில ஒரு பங்குதான் பைக்கோமீட்டர்), ஃபுளோரைடு 133, குளோரைடு 181, புரோமைடு 196. உருகுற வெப்பநிலையைப் பாருங்க: ஃபுளோரைடு ஹைட்ரேட் கிட்டத்தட்ட 28 டிகிரி, குளோரைடு 15, புரோமைடு 12. தண்ணியோட அளவுக்குப் பக்கத்துல வர்ற அயனி சுவர்ல கச்சிதமா பொருந்துது, கூண்டும் அதிக சூடு வரைக்கும் தாங்குது!

இப்ப குளோரைடு உப்பையும் புரோமைடு உப்பையும் கலந்து குளிரவச்சா ரெண்டும் தனித்தனிப் படிகமா பிரியுமா, ஒரே படிகத்துல கலந்து உக்காருமா? இதை டிஎஸ்சின்னு ஒரு கருவியில பாக்கலாம். நகக்கண் அளவுக்கு ரெண்டு அலுமினியக் கிண்ணம், ஒண்ணுல சில மில்லிகிராம் ஹைட்ரேட், இன்னொண்ணு காலி, ரெண்டையும் ஒரே வேகத்துல சூடாக்கி எது எவ்வளவு வெப்பம் கூடுதலா இழுக்குதுன்னு கோடு வரையும். தனித்தனியா இருந்தா ரெண்டு மேடு வரலாம், ஒண்ணாக் கலந்திருந்தா நடுவுல ஒரே மேடு. குளோரைடும் புரோமைடும் ஒரே படிகத்துல கலந்துக்குது. எக்ஸ்ரே சிதறல்ல பாத்தா குளோரைடு கூடக்கூட படிக அடுக்கோட அளவும் மெதுவா மாறுது. அதாவது கலவை விகிதத்தை மாத்தி உருகுற வெப்பநிலையை நாமளே தேர்ந்தெடுக்கலாம். எல்லா ஜோடிக்கும் இது நடக்காது, படிக அமைப்பு ஒத்துப்போகலன்னா பிரிஞ்சுடும், அதனால ஒவ்வொரு கலவையையும் அளந்துதான் ஆகணும்.

இதனால என்ன லாபம்னா ஏசி. ஐஸ் செஞ்சு குளிரைச் சேமிக்கணும்னா மெஷினை பூஜ்யத்துக்கும் கீழ ஓட்டணும், கரண்ட் எகிறும். இந்த ஹைட்ரேட்டுக்கு அவ்வளவு கீழ போகத் தேவையில்ல. புரோமைடு ஹைட்ரேட் ஒரு கிலோ உருக சுமார் 193 கிலோஜூல் இழுக்கும், அதே வெப்பத்துக்கு ஒரு கிலோ தண்ணி 46 டிகிரி சூடாகியிருக்கும். ஜப்பான்ல ஜேஎஃப்இ நிறுவனம் இதைக் கூழா குழாயில ஓடவிட்டு கட்டடங்களைக் குளுமையாக்குது.

சென்னை ஐஐடியிலயும் ஹைட்ரேட் ஆராய்ச்சி நடக்குது, ஆனா இந்த மாதிரி கலவை கலவையா அளந்து அட்டவணை போடுற வேலைக்கு நம்ம ஊர்ல இன்னும் தாராளமா பணம் ஒதுக்கணும்னு நான் உறுதியா நினைக்கறேன். அதே சமயம் தண்ணிக்குத் தனி அமைப்பு கொடுத்திருக்கோம்னு சொல்லி "ஸ்ட்ரக்சர்டு வாட்டர்"னு பாட்டில்ல வித்து காசு பாக்குறவங்களை நம்பாதீங்க, சாதாரணத் தண்ணியில ஹைட்ரஜன் பிணைப்பு பைக்கோசெகண்டுக்குள்ள அறுந்து மாறிடும், எந்த அமைப்பும் பாட்டில் வரைக்கும் வராது.

மிச்சமிருக்குற பெரிய தலைவலி, கரைசல் உறைய வேண்டிய வெப்பநிலைக்குப் பல டிகிரி கீழ போயும் திரவமாவே நிக்கும். முதல் கூண்டு எழும்பினாத்தான் மத்ததும் எழும்பும், அதுக்காக ஏற்கனவே உறைஞ்ச படிகத்துல ஒரு துணுக்கை எடுத்துக் கரைசல்ல போட்டு உறைய வைக்கறாங்க.