‘டிஸ்கஸ் அபவுட்’ எங்கிருந்து வருகிறது?

கடலூர் சிப்காட்டுக்குப் போகும் வேலை விண்ணப்பங்களிலும் புதுச்சேரி ஓட்டல் வரவேற்பு மேசைகளிலும் அடிக்கடி கண்ணில் படும் ஆங்கிலப் பிழைகள்: ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘ரீச் டு’, ‘மேரி வித்’. மூன்றிலும் பிரபொசிஷன் (‘அபவுட்’, ‘டு’, ‘வித்’ போன்ற சிறு சொல்) வேண்டாம். ‘சம்பளத்தைப் பற்றி’யில் உள்ள பற்றி ‘அபவுட்’ ஆகிறது. ‘கடலூருக்கு’ என்பதன் கு ‘டு’ ஆகிறது. ‘அவரோடு’ என்பதன் ஓடு ‘வித்’ ஆகிறது. (கல்யாணமான நிலையைச் சொன்னால் ‘மேரிட் டு’.)

எல்லாப் பழியையும் தமிழ்மேல் போட முடியாது. ‘எனக்கு விளக்கினார்’ என்பதில் கு இருந்தும் ‘எக்ஸ்ப்ளெயின்டு மீ’ என்கிறோம். ‘டோல்டு மீ’ பழக்கம் செய்யும் வேலை இது. ‘எக்ஸ்ப்ளெயின்டு இட் டு மீ’ என்பதே சரி. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குக் கூடுதல் தொல்லை: பிரெஞ்சில் ‘அத்தாந்த்ர்’ (காத்திரு) பிரபொசிஷன் கேட்காது, ‘தெபாந்த்ர்’ (சார்ந்திரு) ‘ஆஃப்’ எனப் பொருள்படும் ‘த’ (de) கேட்கும். விளைவு, ‘வெயிட் த பஸ்’, ‘டிபெண்ட் ஆஃப்’. வேண்டியவை ‘வெயிட் ஃபார்’, ‘டிபெண்ட் ஆன்’.

நன்றாக எழுதுபவர்களும் சறுக்கும் இடம் வேறு. ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் வரும்போது, பெயருக்குரிய பிரபொசிஷன் வினையிலும் ஒட்டிக்கொள்கிறது. ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி. ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ தவறு. ‘அன் ஆர்டர் ஃபார் டூ காஃபீஸ்’ சரி. ‘வீ ஆர்டர்டு ஃபார் டூ காஃபீஸ்’ தவறு. ‘எ விசிட் டு ஆரோவில்’ சரி. ‘வீ விசிட்டட் டு ஆரோவில்’ தவறு. முன்னால் ‘எ’, ‘அன்’, ‘த’, ‘மை’ நின்றால் அது பெயர், பிரபொசிஷன் வரலாம். ‘ஐ’, ‘வீ’ நின்றால் வினை. அங்கே ஒருமுறை நிதானியுங்கள். டிஸ்கஷன், எம்ஃபசிஸ் போன்றவற்றிலும் இதே கதைதான்: ‘எம்ஃபசிஸ் ஆன்’ உண்டு, ‘எம்ஃபசைஸ் ஆன்’ கிடையாது.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றிப் பாருங்கள். ‘த சேலரி வாஸ் டிஸ்கஸ்டு’ அப்படியே நிற்கிறது, ‘அபவுட்’ கேட்கவில்லை. ‘ஷீ வாஸ் லுக்டு ஆஃப்டர்’ என்பதில் ‘ஆஃப்டரை’ எடுத்தால் பொருளே போய்விடும். ‘ரிசெம்பிள்’ போன்ற சில வினைகள் இந்தச் சோதனைக்கு மசியா. அதற்குக் கற்போருக்கான அகராதிதான். வினைக்கான எடுத்துக்காட்டு வாக்கியங்களில் பிரபொசிஷன் வருகிறதா என்று பாருங்கள்.

‘அப்ளை’ இரண்டு கேட்கும்: கம்பெனிக்கு ‘டு’, பதவிக்கு ‘ஃபார்’. ‘பே’ என்றால் பில்லுக்கு ஒன்றும் வேண்டாம், அறைக்கும் சாப்பாட்டுக்கும் ‘ஃபார்’.