மூடியில்லாத டேங்க்கும் டிக்கியில் தூங்கும் புனலும்

போன மாதம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு மெக்கானிக்கான எனக்கு ஒரு போன். செங்கல்பட்டு தாண்டி, படாளம் பக்கத்தில் கார் நின்றுவிட்டதாம். "பெட்ரோல் தீர்ந்துடுச்சுண்ணே. கேன்ல வாங்கிட்டு வந்துட்டோம். ஊத்தினா உள்ள போகமாட்டேங்குது, எல்லாம் வெளியவே வருது. டேங்க்ல ஏதோ அடைப்பு போல."

என்ன வண்டி என்று கேட்டேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோர்டு, பெட்ரோல். அடைப்பு ஒன்றும் இல்லை என்று போனிலேயே புரிந்துவிட்டது. "இனிமே ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க தம்பி. வண்டிய விட்டுத் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் பின்டயர் வரைக்கும் ஈரம், நெடி மூக்கைத் துளைக்கிறது. தண்ணீர் பாட்டிலின் தலையை அறுத்துப் புனல் செய்திருக்கிறார்கள். அது சரிவராமல், ஒருவர் ஸ்க்ரூடிரைவரை விட்டு உள்ளே இருந்த தகட்டை நெம்பிப் பிடிக்க, இன்னொருவர் இடுக்கில் ஊற்றியிருக்கிறார். நான் டிக்கியைத் திறந்து, தரைவிரிப்பைத் தூக்கி, ஜாக்கி வைக்கிற இடத்தில் கையை விட்டேன். ஒரு முழ நீளத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் புனல், புத்தம் புதிதாக வந்தது. வண்டி வாங்கி எட்டு மாதம் ஆகிறதாம். அப்படி ஒன்று இருப்பதே போன் செய்த தம்பிக்குத் தெரியாது. விற்றவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்த மூடியில்லாத டேங்க்கை ஃபோர்டு அமெரிக்காவில் 2008 மாடல் வண்டிகளில் தொடங்கிப் பரவலாகக் கொண்டுவந்தது. ஈசி ஃப்யூல் என்று பெயர். வெளிக்கதவைத் திறந்தால் திருகுகிற மூடி இருக்காது. ஸ்பிரிங் வைத்த ஒரு தகடு, அதற்குக் கொஞ்சம் உள்ளே இன்னொரு தகடு. மூடியை பங்க்கிலேயே மறந்துவிட்டு வருகிற தொல்லை இல்லை, ஆவியும் வெளியேறாது. வேறு சில கம்பெனிகளும் பிறகு இதே வழிக்கு வந்தன.

தகட்டை விரலால் அழுத்தினால் திறக்காது. வாய்க்குள் இரண்டு பக்கமும் சின்னக் கொக்கிகள் உண்டு. சரியான தடிமனுள்ள குழாய் நுழைந்து அந்தக் கொக்கிகளை ஒரே சமயத்தில் விலக்கினால்தான் தகடு வழிவிடும். பங்க்கில் பெட்ரோல் கன்னின் முனை சுமார் 21 மி.மீ. தடிமன், அந்த அளவுக்குத்தான் பூட்டு செய்திருக்கிறார்கள். டீசல் கன் அதைவிடத் தடிமன், பெட்ரோல் வண்டியின் வாயில் நுழையாது. மெல்லிய ட்யூப்போ, வீட்டுப் புனலோ விட்டால் கொக்கி அசையாது. முதல் தகடு எப்படியோ திறந்தாலும் இரண்டாவது தகடு மூடியபடியே இருக்கும். ஊற்றியது திரும்பி நம் காலில்தான் விழும்.

வண்டியோடு வருகிற புனலின் தண்டு இந்தக் கன் முனையின் தடிமனில், இரண்டாவது தகட்டையும் தாண்டுகிற நீளத்தில் இருக்கும். சூட்சுமம் அவ்வளவுதான். கடையில் கிடைக்கிற புனலையோ, கேனின் மூக்கையோ நேராக விடாதீர்கள் என்று கம்பெனி மேனுவலே சொல்கிறது. வாயும் சீலும் கெட்டுப்போகும். அந்தத் தம்பி வண்டியில் ஸ்க்ரூடிரைவர் பட்டு உள்தகடு சாய்ந்துவிட்டது, முழுசாக மூடவில்லை. அப்படியே விட்டால் மழைத்தண்ணீரும் தூசியும் டேங்க்குக்குள் போகும். கடைசியில் வாயோடு சேர்த்துக் குழாயையே மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கு வந்த செலவு அது.

புனலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பலரும் யோசிப்பதில்லை. டீசல் கன்னைத் தடுக்கிற அந்தக் காவல், புனலை விட்ட நிமிடமே போய்விடுகிறது. புனலுக்குப் பெட்ரோல் டீசல் வித்தியாசம் தெரியாது. கேனில் என்ன இருக்கிறது என்று ஊற்றுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், குறிப்பாக வாங்கி வந்தவர் வேறொருவர் என்றால். தப்பாக ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. அப்படியே டோ செய்து கொண்டுவாருங்கள்.

ஊற்றும்போது எஞ்சின் அணைந்திருக்கட்டும். பங்க்கில் கேனில் பிடிக்கும்போது அதைத் தரையில் வைத்துப் பிடியுங்கள். டிக்கிக்குள்ளோ மடியிலோ வைத்துப் பிடித்தால் நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும், பற்றிக்கொள்ளும். புனலை நிதானமாக, தடுக்காமல் உட்காரும் வரை அழுத்துங்கள். ஊற்றி முடித்ததும் உடனே பிடுங்காமல் கொஞ்சம் விட்டு எடுத்தால் மிச்சச் சொட்டும் இறங்கிவிடும். பங்க்கிலும் இதே கதைதான், கன்னை எடுப்பதற்கு முன் ஐந்திலிருந்து பத்து விநாடி.

ஒரு லிட்டர் ஊற்றிவிட்டு "ஸ்டார்ட் ஆகலையே" என்பார்கள். வறண்டுபோன டேங்க்குக்கு 5 லிட்டராவது வேண்டும். வண்டி சரிவில் நின்றால் அதற்கும் மேலே. சாவியை ஆன், ஆஃப் என்று சிலமுறை போட்டு பம்ப் பெட்ரோலை இழுக்க விட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். பம்ப் டேங்க்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி, அதிலேயே குளிர்ந்து ஓடுவது. அடிக்கடி வறள விட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்து, 2022-ல் மறைமலைநகர் ஆலையிலிருந்து கடைசி ஈக்கோஸ்போர்ட் காரும் வெளியே வந்துவிட்டது. அதனால் இப்போது எங்கள் பட்டறைக்கு வருகிற ஃபோர்டுகளில் நிறைய இரண்டாம், மூன்றாம் கை வண்டிகள். கை மாறும்போது முதலில் தொலைவது இந்தப் புனல்தான். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது ஸ்டெப்னி, ஜாக்கி பார்ப்பதுபோல இதையும் கேளுங்கள். இருக்கிற இடம் மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் பெட்ரோல் நிரப்புகிற பக்கத்தில் போட்டிருக்கும். ஒருமுறை எடுத்து டேங்க் வாயில் சும்மா விட்டுப் பாருங்கள், இருட்டில் கை தடுமாறாது. உபயோகித்த பிறகு துடைத்து, காயவைத்து, கவரில் கட்டி அதே இடத்தில் வையுங்கள்.

சர்வீஸுக்கு வந்த ஒரு அம்மாவிடம் புனல் எங்கே என்று கேட்டேன். "அதுவா? நல்லா நீளமா இருந்துச்சுன்னு கிச்சன்ல எண்ணெய் ஊத்த வச்சிருக்கேன் தம்பி" என்றார். நல்லவேளை, அதில் அதுவரை பெட்ரோல் பட்டதில்லை. அடுத்த சர்வீஸுக்குக் கழுவி எடுத்து வந்தார். கைப்பிடியில் மட்டும் கொஞ்சம் நல்லெண்ணெய் வாசனை.