எந்தக் குழுவிலும் சேராத விண்கல்: ஆய்வகத்துக்கு வருமுன் என்ன செய்யக்கூடாது?

விண்கல்லோ என்று சந்தேகம் வந்ததும் பலர் முதலில் காந்தத்தை ஒட்டிப் பார்க்கிறார்கள். அடுத்து குழாயடியில் கழுவுகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். வலுவான காந்தம் பட்டால், கல்லில் பல கோடி ஆண்டுகளாகத் தங்கியிருந்த காந்தப் பதிவு அழிந்துபோகும். மீட்க வழியே இல்லை. காந்த ஏற்புத்திறனை, அதாவது கல் காந்தத்துக்கு எவ்வளவு இசைகிறது என்பதை, அளக்கும் கைக்கருவி இருக்கிறது, அதுவே போதும். தண்ணீரோ, கார்பன் மிகுந்த கறுப்புக் கற்களில் உள்ள உப்புகளைக் கரைத்துவிடும்.

2000 ஜனவரி 18 அன்று கனடாவில் உறைந்துகிடந்த டாகிஷ் ஏரிமீது அப்படியொரு கல் சிதறி விழுந்தது. அப்பகுதிவாசி ஜிம் புரூக் ஒரு வாரத்தில் சில துண்டுகளைக் கைபடாமல் பையிலிட்டு, உறைந்த நிலையிலேயே வைத்திருந்தார். வசந்தத்தில் கிடைத்த துண்டுகள் பல பனிநீரில் ஊறி நொறுங்கியிருந்தன.

வகைப்படுத்தல் சிக்கலானது. வேதியியலிலும் அமைப்பிலும் ஒத்த விண்கற்களை ஒரே குழுவில் சேர்ப்பார்கள்; கார்பன் மிகுந்தவற்றில் சி.ஐ., சி.எம். என்பவை அப்படிப்பட்ட இரு குழுக்கள். சி.ஐ. குழுவில் காண்ட்ரூல் எனும் சிறு உருண்டைகள் இருக்காது. டாகிஷ் ஏரிக் கல்லில் கொஞ்சம் இருந்தன. சி.எம். என்று சொல்லவும் வேதியியல் இடம்கொடுக்கவில்லை: எளிதில் ஆவியாகும் தனிமங்களின் அளவு இரண்டுக்கும் நடுவில் நின்றது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.6 கிராம்தான், சாதாரணக் காண்ட்ரைட் எனும் பரவலான கல்வகை விண்கல்லில் அது 3.3 வாக்கில் இருக்கும். போதாததற்கு, ஒரே வீழ்ச்சியில் கார்பனேட் கனிமங்கள் மிகுந்த பகுதியும் குறைந்த பகுதியும் கலந்திருந்தன. நுண்ணோக்கியில் பார்க்க அறுத்தெடுக்கும் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இங்கே நிச்சயம் தவறும். கடைசியில் நிலைத்த பெயர், 'சி2, குழு சாராதது': சி என்பது கார்பன் வகையையும், 2 என்பது தண்ணீரால் கனிமங்கள் மாறியிருப்பதையும் குறிக்கும். இது ஆய்வின் தோல்வி அல்ல, நேர்மையான முடிவு.

இத்தகைய கல்லைத் தண்ணீர் விடாமல் அறுத்து, எத்தனால் கொண்டு மெருகேற்றி, 30 மைக்ரான் சீவலாக்க வேண்டும். ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களை) அளக்குமுன், களிமண் கனிமங்கள் உறிஞ்சிய நம் காற்றின் ஈரத்தை வெற்றிடத்தில் வெளியேற்ற வேண்டும். தவறினால் எண்கள் பூமியின் பக்கம் சாய்ந்து, கல் வேறு குழுவைச் சேர்ந்ததுபோலத் தோன்றும்.

புதிய குழு அறிவிக்கப் பொதுவாக ஐந்து தனித்தனி விண்கற்களாவது வேண்டும். பாலைவனக் கற்களில் இங்கேதான் ஏமாறுகிறோம்: ஒரே வீழ்ச்சியின் துண்டுகள் வெவ்வேறு பதிவு எண்களோடு விற்பனைக்கு வருகின்றன. சேர்த்து எண்ணினால் இல்லாத குழு உருவாகிவிடும்.

பெயர் பதிவாக, மொத்த எடையில் 20 சதவீதம் அல்லது 20 கிராம், இவற்றில் எது குறைவோ அதை அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும். கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஜிபிஎஸ் குறித்து, சுத்தமான அலுமினியத் தாளில் பொதிந்து அனுப்புங்கள்.