ரீகால்: ஐஸ்கிரீமை யார் நினைவுகூர்வது?

விற்ற ஐஸ்கிரீமை நிறுவனம் திரும்பப் பெறுவதாகச் சொல்லும் ஆங்கிலச் செய்தியின் இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் வெளியிட்டால் 'நிலக்கடலை இருந்ததால் ஐஸ்கிரீம் நினைவுகூரப்பட்டது' என்கிற ரீதியில் செய்தி வரும். ஐஸ்கிரீமுக்கு நினைவஞ்சலி நடந்ததோ என்று தோன்றும்.

பிழையின் வேர் 'ரீகால்' (recall) என்ற ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது. 'ரீ' லத்தீன் முன்னொட்டு. மீண்டும், பின்னோக்கி என்று பொருள். 'கால்' ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் இருந்த 'கல்லா', அதாவது உரக்கக் கூப்பிடுதல். ஆக, திரும்பக் கூப்பிடுதல். மறந்ததைக் கூப்பிட்டாலும், தூதரைக் கூப்பிட்டாலும், விற்ற சரக்கைக் கூப்பிட்டாலும் ஆங்கிலத்துக்கு ஒரே சொல் போதும். தமிழுக்குப் போதாது. நடந்ததை நினைவுகூர்கிறோம், தூதரைத் திருப்பி அழைக்கிறோம், சரக்கைத் திரும்பப் பெறுகிறோம். 'மீட்பு' என்றும் எழுதலாமே என்பார்கள். கிணற்றில் விழுந்த ஐஸ்கிரீமைத் தூக்கியது போலிருக்கும்.

திரும்பப் பெறப்படும் ஐஸ்கிரீம் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. மூடி மாறியிருக்கலாம்: மேலே வெண்ணிலா என்றிருக்கும், கரண்டியை விட்டால் நிலக்கடலைத் துணுக்கு அகப்படும். முந்தைய கலவையின் மிச்சம் குழாயில் தங்கியிருக்கலாம். பலருக்கு அது கூடுதல் ருசி. ஒவ்வாமை உள்ளவருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். அமெரிக்கா 2004இல் இயற்றிய சட்டம் பால், முட்டை, நிலக்கடலை உள்ளிட்ட எட்டு ஒவ்வாமைப் பொருள்களை லேபிளில் சொல்லியே ஆக வேண்டும் என்றது. 2023 முதல் எள்ளும் சேர்ந்து ஒன்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14. இப்படி லேபிளில் விடுபட்டதை ஆங்கிலத்தில் 'அன்டிக்ளேர்ட்' என்பார்கள். அதற்கு 'அறிவிக்கப்படாத மூலப்பொருள்' என்பதைவிட 'லேபிளில் குறிப்பிடாத' என்பதே எனக்குப் பிடிக்கிறது. குற்றம் எங்கே நடந்தது என்பதை அது காட்டிவிடுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சரக்கு கடைத்தட்டோடு நின்றிருந்தால் ஐரோப்பிய விதிகளில் அது 'வித்ட்ராயல்'. வாங்கியவர் கைக்குப் போயிருந்தால்தான் 'ரீகால்'. முன்னதற்கு 'விற்பனையிலிருந்து விலக்கல்' என்று எழுதலாம்.

கடைசியாக, 'திரும்பப் பெறப்பட்டது' என்ற இறந்தகாலத்தில் எனக்கு ஒரு குறை. நிறுவனம் அறிவிப்பைத்தான் வெளியிட்டிருக்கிறது. டப்பா இன்னும் யார் வீட்டு ஃப்ரீசரிலோ இருக்கிறது. படிப்பவர் எழுந்து போய் டப்பாவில் உள்ள தொகுதி (பேட்ச்) எண்ணைப் பார்க்க வேண்டுமானால், 'திரும்பப் பெறப்படுகிறது' என்றே எழுத வேண்டும்.