பர்ரை மாற்றினால் எஸ்பிரெசோவில் என்ன மாறுகிறது?

காபி அரவை இயந்திரத்தில் கொட்டையை அரைக்கும் பல்வட்டு ஜோடிக்குத்தான் பர் என்று பெயர். புது பர்ரைப் பொருத்திவிட்டு எடுத்த முதல் எஸ்பிரெசோ 11 நொடியில் கோப்பையில் கொட்டிவிட்டது. 18 கிராம் தூள், 36 கிராம் காபி. பழைய பர்ரில் இதற்கு 28 நொடி ஆகும். கொட்டை அதேதான், எஸ்பிரெசோ இயந்திரம் தண்ணீரைத் தள்ளும் அழுத்தமும் அதே 9 பார்தான். உள்ளங்கையில் அடங்கும் இரண்டு எஃகு வட்டுகள் மட்டும்தான் மாறியிருந்தன.

திரிகையைப் பார்த்தவர்களுக்கு பர்ரைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். நடுக்குழியில் போட்ட உளுந்து இரண்டு கல்லுக்கும் இடையில் மாட்டி, உடைந்து, ஓரம் வழியாக வெளியே வரும். தட்டை பர்ரும் அப்படித்தான். திரிகையில் மேல்கல் சுற்றும்; இங்கே பெரும்பாலும் கீழ் வட்டு சுற்றும், மேல் வட்டு அசையாமல் நிற்கும். நடுவில் இருக்கும் பெரிய பற்கள் கொட்டையை உடைக்கும். ஓரத்துக்குப் போகப் போகப் பற்கள் சிறிதாகும். கடைசி விளிம்பில் இரண்டு வட்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் தூளின் அளவைத் தீர்மானிக்கிறது. 64 மில்லிமீட்டர் பர் நிமிடத்துக்கு 1400 சுற்று சுற்றினால், அந்த விளிம்பு நொடிக்குக் கிட்டத்தட்ட நாலே முக்கால் மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கூம்பு பர் வடிவத்தில் வேறு, வேலை இதேதான்.

இடைவெளி ஒன்றுதானே, தூளும் ஒரே அளவில் வரவேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் வராது. ஓர் அப்பளத்தை இரண்டாக உடைத்துப் பாருங்கள். இரண்டு துண்டோடு நிற்காது, விரலிடுக்கில் கொஞ்சம் நொறுங்கலும் உதிரும். வறுத்த காபிக்கொட்டையும் அப்படி நொறுங்குகிற பொருள். அதனால் எஸ்பிரெசோத் தூளில் எப்போதும் இரண்டு கூட்டம் இருக்கும். ஒன்று, சில நூறு மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்கள். இன்னொன்று, 100 மைக்ரானுக்கும் கீழே, மாவு போன்ற நுண்தூள். எந்த பர்ராலும் இந்த மாவை முழுக்க ஒழிக்க முடியாது. பல்லின் கோணம், எண்ணிக்கை, விளிம்பின் அகலம் ஆகியவற்றைப் பொறுத்து அதன் பங்கு கூடும், குறையும். பர் மாற்றுவதன் சாரமே இதுதான்.

அந்த மாவு வேண்டாத குப்பை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளை அடைத்து, 9 பார் அழுத்தத்துக்கு எதிர்ப்புக் கொடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எஸ்பிரெசோவின் கெட்டித்தன்மையிலும் அதற்குப் பங்கு உண்டு. என் புது பர் மாவைக் குறைவாகத் தருகிற வகை, அதனால் தண்ணீர் தடையில்லாமல் ஓடிவிட்டது. அதோடு, பர் மாறியதும் இரண்டு வட்டும் தொட்டுக்கொள்கிற பூஜ்யப் புள்ளியும் மாறிவிடும். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் டயலில் இருந்த பழைய எண்ணுக்கு இனி அர்த்தமே இல்லை.

சரி, இன்னும் பொடியாக அரைத்தால் போதுமே? அரைத்தேன், போதவும் செய்தது. ஆனால் இதில் கை நிதானம் வேண்டும். துகள்கள் நிறைந்த படுகை வழியாகத் தண்ணீர் போகிற வசதி, தோராயமாகத் துகள் அளவின் இருமடிக்கு ஏற்ப மாறும். அளவை 10 சதவீதம் குறைத்தால் வசதி 19 சதவீதம் குறையும், 28 நொடி கிட்டத்தட்ட 35 நொடியாகிவிடும். பொடியாக்கிக்கொண்டே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டபர் ஹெண்டனும் கூட்டாளிகளும் 2020இல் இதைக் காட்டினார்கள். ஓர் அளவுக்கு மேல் பொடியாக்கினால் படுகையில் சில இடங்கள் அடைத்துக்கொள்கின்றன. தண்ணீர் மற்ற இடங்கள் வழியாக ஓடிவிடுவதால், காபியிலிருந்து இறங்கும் சாரம் கூடுவதற்குப் பதில் குறைகிறது.

கொரியாவின் எஸ்எஸ்பி போன்ற நிறுவனங்கள் ஒரே 64 மில்லிமீட்டர் அளவில் பல பல்லமைப்புகளை விற்பது இதனால்தான். மாவு குறைந்தவை சுவைகளைத் தனித்தனியாகக் காட்டும், குடிக்க இலேசாக இருக்கும். மாவு கூடியவை கெட்டியாக, இழைந்து வரும். கறுக்க வறுத்து, பால் சேர்த்துக் குடிப்பவருக்கு இரண்டாவது வகைதான் என் பரிந்துரை. பர் மேல் பூசிய மினுமினுக்கும் பூச்சுக்குத் தனிக்காசு கொடுக்கத் தேவையில்லை. அது தேய்மானத்தைத்தான் குறைக்கும். தினம் 36 கிராம் அரைக்கிற வீட்டில் வருஷத்துக்கு 13 கிலோ ஆகும். நல்ல எஃகு பர் சில நூறு கிலோ தாங்கும்.

பர்ரைத் தேர்ந்தெடுப்பதை விட, அதை உட்கார வைப்பதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். ஒரு பக்கம் இடைவெளி 200 மைக்ரான், எதிர்ப்பக்கம் 260 என்று சாய்ந்திருந்தால், அகலமான பக்கம் வழியாகப் பெரிய துகள்கள் தப்பிவிடும். பர்ருக்கு அடியில் ஒட்டிக்கொண்ட ஒரு பழைய காபிச் செதிலே இந்தச் சாய்வுக்குப் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பர் உட்காரும் இருக்கையைப் பிரஷ்ஷால் துடைத்து, மூன்று திருகுகளையும் ஒன்றை முழுக்க முறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். அப்புறம் வெள்ளைப்பலகை மார்க்கரால் மேல் பர்ரின் விளிம்பு முழுக்க மை பூசி, மூடி, இரண்டு வட்டும் உரசும்வரை டயலை இறக்கி, கையாலேயே சுற்றினேன். திறந்து பார்த்தால் ஒரு பக்கம் மை சுத்தமாக அழிந்திருந்தது. எதிர்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அப்படியே பளபளவென்று இருந்தது. அந்தப் பக்கம் மேல் பர் கீழ் வட்டைத் தொடாமல் விலகி நிற்கிறது என்று பொருள்.

சமையலறை அலுமினியத் தாள் பொதுவாக 10 முதல் 20 மைக்ரான்தான் இருக்கும். நகத்தளவு ஒரு துண்டு வெட்டி, மை அழியாத பக்கத்தில் பர்ருக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் வைத்தேன். திரும்ப மை, திரும்ப முறுக்கு. மூன்றாம் முறை, இரண்டு துண்டு வைத்தபோது, வளையம் முழுக்க ஒரே சீராக அழிந்தது. அன்று ராத்திரி எடுத்த எஸ்பிரெசோ 29 நொடி. பக்கவாட்டில் பீய்ச்சாமல் நடுவில் ஒரே தாரையாக விழுந்தது.

புது பர்ரின் வெட்டுமுனைகளில் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் இருக்கும். முதல் சில கிலோ அரைத்து முடியும்வரை அளவு நிலைக்காது. எனக்கு இப்போது நாலாவது கிலோ. முன்பு தினமும் தொட வேண்டியிருந்த டயலை, இப்போது வாரம் ஒரு தடவை ஒரு கோடு நகர்த்துகிறேன்.