பாஸ்கர்வில்: தாளும் மையும் சேர்ந்து செய்த எழுத்து

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மெருகெண்ணெய் பூசிய தட்டுகளும் பெட்டிகளும் செய்து பொருள் ஈட்டிய ஜான் பாஸ்கர்வில், 1750ஆம் ஆண்டளவில் அச்சுத்தொழிலில் இறங்கினார். இளமையில் கையெழுத்து கற்பிப்பவராகவும் கல்லில் எழுத்துப் பொறிப்பவராகவும் இருந்தவர் ஆதலால், பேனாவை அழுத்தினால் தடித்தும் தளர்த்தினால் மெலிந்தும் வரும் கோட்டின் அழகை ஈய அச்செழுத்திலும் காண விரும்பினார். அவருடைய வடிவங்களை எஃகில் வெட்டித் தந்தவர் ஜான் ஹேண்டி. அன்று பரவலாக இருந்த காஸ்லன் என்ற அச்செழுத்தைவிட, பாஸ்கர்வில் என்றே பெயர் பெற்ற இந்த எழுத்தில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வேறுபாடு அதிகம். கோட்டு முனைகளில் நீளும் செரிஃப்களும் கூர்மையானவை. சிறிய ‘ஜி’யின் கீழ்வளையம் மூடாமல் நிற்பதையும், பெரிய ‘க்யூ’வின் வால் சுழித்து ஓடுவதையும் வைத்தே இதை அடையாளம் கண்டுவிடலாம்.

ஆனால் இத்தனை மெல்லிய கோடு அக்காலத் தாளில் ஒழுங்காகப் பதியாது. கம்பிகளை வரிசையாகப் பதித்த சட்டத்தில் வார்த்த தாளில் அக்கம்பிகளின் தடம் மேடுபள்ளமாக நிற்கும். அதில் கோடு சிதைந்துவிடும். எனவே, நெய்த கம்பிவலையில் வார்த்த வழவழப்பான தாளையும், கருமை மிகுந்த மையையும் பாஸ்கர்வில் நாடினார். அச்சிட்ட தாள்களைச் சூடேற்றிய செப்புத் தகடுகளுக்கு இடையே அழுத்தி மெருகேற்றினார். 1757இல் வெளிவந்த, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளே அவரது முதல் நூல். என் கணிப்பில், எழுத்தை மட்டும் தனியே மாற்றியிருந்தால் அவர் தோற்றிருப்பார்.

பாராட்டோடு ஏளனமும் வந்தது. மெல்லிய கோடுகள் வாசகரின் கண்ணைக் கெடுத்துவிடும் என்று ஒருவர் குறை கூற, அமெரிக்க அச்சாளரும் அறிஞருமான பெஞ்சமின் பிராங்க்ளின் காஸ்லன் மாதிரித் தாளின் தலைப்பைக் கிழித்துவிட்டு, அதையே பாஸ்கர்வில்லின் எழுத்து என்று குறை கூறியவரிடம் நீட்டினார். அந்த மனிதரோ அதிலும் குறைகளை வரிசையாகக் காட்டினார். இதை 1760இல் பாஸ்கர்வில்லுக்கே பிராங்க்ளின் கடிதத்தில் எழுதினார்.

1775இல் பாஸ்கர்வில் மறைந்த பின், அவருடைய மனைவி விற்ற எழுத்துகள் பிரெஞ்சு நாடக ஆசிரியர் பொமார்ஷேயிடம் சென்று, பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் நூல்தொகுதியை அச்சிடப் பயன்பட்டன. அவற்றின் எஃகு மூலங்கள் 1953இல்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்கு வந்தன. இன்றைய கணினி எழுத்துருவிலும் பழைய சிக்கல் தொடர்கிறது: புள்ளிகள் குறைந்த திரையில் சிறிய அளவில் காட்டும்போது மெல்லிய கோடு ஒரு புள்ளிக்கும் குறைவாகிச் சாம்பல் நிறமாக மங்கிவிடுகிறது. இதனால்தான் சில வடிவமைப்பாளர்கள், சிறிய அளவுகளுக்கென்று அந்தக் கோட்டைச் சற்றே தடிப்பாக்கித் தனியாக வரைகிறார்கள்.